உன் அய்யாவிடம் சொன்னது

லேமினேஷன் மிஷின் சூடேறினால் என் இ-சேவைக் கடை முழுக்க ஒரு பிளாஸ்டிக் வாடை. உனக்கு அது பிடிக்கும். தோளில் தண்ணீர் கேனோடு வாசலிலேயே நின்று மூச்சை இழுப்பாய். "புதுச் செருப்பு வாங்குன மாதிரி இருக்குலே" என்பாய்.

இன்று காலை அந்த வாடைக்குள் ஒரு பெண் வந்தாள். வல்லம் வடகாலில் ஒரு விடுதியில் சமையல் வேலை. அமைப்புசாரா தொழிலாளர் பதிவுக்காக ஆதாரை நீட்டினாள். அதில் இருப்பது அப்பாவின் நம்பர், ஓடிபி அவருக்குத்தான் போகும் என்றாள். போன் போட்டாள்.

"அப்பா, ஒரு மெசேஜ் வந்துக்கீதா பாரு. அந்த நம்பரப் படி."

அவர் படித்தார். கார்டு வந்தது. லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

உன் ஆதாரிலும் உன் அய்யாவின் நம்பர்தான். விளாத்திகுளம் பக்கம் ஏதோ ஒரு ஊரில், அவர் சட்டைப் பையில் கிடந்த போன். தண்டலத்தில் நான் இந்தக் கடையை எடுத்த புதிது. கேன் இறக்க வந்த உன்னைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"பதிஞ்சி வெச்சிக்க மச்சி. ரோட்லயே சுத்திகினு கீற. நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா வூட்டுக்காவது ஏதாச்சும் வரும்."

"மெசேஜ் அய்யாவுக்குல்லா போவும். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்லே. கம்பெனிக்காரனுக்கு இந்தக் கார்டு எதுக்குன்னு கேப்பாரு."

ஊருக்கு நீ இன்னும் கம்பெனிக்காரன். ஒரகடத்தில் காண்ட்ராக்ட் முடிந்ததும் உன்னைக் கம்பெனி லைனிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு கேன் வண்டி. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலுக்கு மட்டும் பழைய கம்பெனிச் சட்டை.

நம்பரை மாற்றிவிடலாம் என்றேன். ஆதார் மையத்துக்கு ஒரு காலையில் நீயே வர வேண்டும். காலை உனக்குக் கேன் போடும் நேரம். அடுத்த வாரம் என்றாய். நானும் சரி, அடுத்த வாரம் என்றேன். பிறகு நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, பேசிக்கொண்டிருந்த போனை என் பக்கம் திருப்பினாய். "அய்யா, எங்க சூப்ரவைசர் பேசுதாரு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு காலரைச் சரிசெய்தேன். பையன் நல்லா வேலை பாக்கறான், லீவே போடறதில்ல என்றேன். திரையில் உன் அய்யா எழுந்து நின்றுவிட்டார். நின்றபடியே பேசினார்.

"அவனுக்கு ரோசம் சாஸ்தி சார். ரெண்டு வார்த்தை வைதாலும் வேலையில வச்சுக்கிடுங்க."

போனை வைத்ததும் என் முதுகில் அடித்துச் சிரித்தாய். "காலரை வேற தூக்கி விடுத. ஒரிஜினல் சூப்ரவைசர் தோத்தாம்லே." நானும் சிரித்தேன். அவர் எழுந்து நின்றதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பிறகு பென்னலூர் திருப்பம். லாரி. சாலை முழுக்கத் தண்ணீர்.

மார்ச்சுவரி வாசலில் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நீ ஓட்டியது யாரோ நண்பனின் வண்டி என்று அவராகவே நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கம்பெனியில சொல்லி ஏதாச்சும் செய்ங்க சார். இவன் தங்கச்சி படிக்கா."

எம்.ஏ. படித்தவன் நான். "பாக்கறேன்யா" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

அன்றிலிருந்து மாதம் தவறாமல் போன். ஆபீஸ்ல எதும் சொன்னாங்களா சார்? இல்லய்யா, கேட்டுகினு இருக்கேன். விபத்து நிவாரணம் கேட்டுக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும்படி ஊரில் சொன்னார்களாம். கம்பெனி இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டாராம். அதைப் பெருமையாகத்தான் சொன்னார். உன் மானத்தைக் காப்பாற்றுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் உன் தங்கையைப் பற்றிச் சொன்னார். காலேஜை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறாராம். கம்பெனிப் பணம் வந்தால் பார்க்கலாமாம்.

இன்று நானே அழைத்தேன்.

"அய்யா, நான் சூப்ரவைசர் இல்ல. அவனோட பிரெண்டு. அவன் கம்பெனிய விட்டு ரொம்ப நாளாச்சி. தண்ணி கேன் போட்டுகினு இருந்தான். அங்கேர்ந்து எதுவும் வராது. மனு நான் எழுதி அனுப்பறேன், நீங்க கொண்டுபோய்க் குடுங்க. பாப்பா படிப்ப நிறுத்தாதீங்க."

அந்தப் பக்கம் ஆடு கத்தும் சத்தம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாடிக்கெல்லாம் தூக்கிட்டுப் போவானா தம்பி?"

"போவான்யா. மூணாவது மாடி, நாலாவது மாடி."

"சின்னதுல ஒரு கொடம் தண்ணி எடுத்தாரச் சொன்னா அழுவான்."

மனுவை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்டேன். நிதானமாகச் சொன்னார், எழுதிக்கொண்டேன்.

தம்பி என்றார். சார் என்ற வார்த்தையைச் சுமக்க எனக்குப் பழகியிருந்தது. இது பழகுமா என்று தெரியவில்லை.