கை கொடுக்காமல் நான்கு நிமிடம்

அன்புள்ள சுவேதாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. செம்மண்டலத்தில் நானும் உன் அப்பாவும் சௌக்கியம், டப்ளினில் நீயும் உன் குளிரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசாமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜையெல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். வீடியோ காலில் பேசலாம் என்றால் பாதியில் உன் அப்பா போனைப் பிடுங்கி, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். நீ மூன்று வாரமாகக் கேட்பது ஒரே கேள்விதான். சிதம்பரம் தாத்தாவை, அதாவது என் தாய்மாமன் தங்கராசு மாமாவை, ஏன் இன்னும் நம் வீட்டுக்கு அழைத்துவரவில்லை, உன் ரூமுக்கு வெள்ளையடித்ததெல்லாம் என்ன ஆயிற்று என்று. அதற்குப் பதில் நீளமானது. அதில் உன் அம்மாவுக்குப் பெருமை சேர்க்கும்படி ஒன்றும் இல்லாததால் அப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

மாமா சித்திரையில் விழுந்தது உனக்குத் தெரியும், முழுக்கதை தெரியாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் நடந்தவர் கால் தடுக்கி உட்கார்ந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ரத்தம் இல்லை, வலி கூட ஜாஸ்தி இல்லை. எழுந்திருக்க மட்டும் முடியவில்லை. இரண்டரை மணி நேரம் அப்படியே தரையில் கிடந்திருக்கிறார். தினமும் நாலரை மணிக்கு டீ குடிக்க வருகிற மனிதரைக் காணோமே என்று தெருமுனை டீக்கடைக்காரர் ஆண்டி தேடிக்கொண்டு வந்துதான் தூக்கி உட்காரவைத்தார். அவ்வளவு நேரம் என்ன பண்ணினீர்கள் என்று நான் அழுதுகொண்டே கேட்டதற்கு, "ஃபேன் கொக்கிய ஒரு இஞ்ச் தள்ளி மாட்டியிருக்கான், முப்பது வருசமா கவனிக்கல பாரேன்" என்றார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து கம்பம் கம்பமாக ஏறி இறங்கியவர், படுத்த இடத்திலும் வயரைத்தான் பார்ப்பார். எழுபத்தெட்டு வயது, பிள்ளை இல்லை, ராமாமிர்தம் அத்தை போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆண்டி தூக்கினார் என்பது மேல்பட்டாம்பாக்கம் தில்லையம்மாள் சித்தி காதுக்குப் போய்விட்டது. சித்தி மாமாவுக்குக் கூடப்பிறந்த தங்கைதான், ஆனால் அவரைப் போய்ப் பார்க்க மாட்டாள், பார்க்காதவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேசுவாள். நெல்லிக்குப்பத்தில் ஒரு வளைகாப்பில் நான் இருக்கும்போதே, "பெத்த பொண்ணாட்டம் இவளப் படிக்க வச்சாரு எங்கண்ணன், கடைசியில டீக்கடக்காரன் தூக்கி உக்கார வச்சான்" என்று அவள் சொன்னபோது கையில் வைத்திருந்த சந்தனத்தை எங்கே பூசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோபத்தில் ஒரு வாரம் லீவு போட்டுக்கொண்டு சிதம்பரம் போனவள், மாமாவைக் கவனித்துக்கொள்கிறேன் பேர்வழி என்று அந்த வீட்டையே தலைகீழாக்கினேன். கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினேன். கீழ் அலமாரியில் இருந்ததையெல்லாம் கைக்கெட்டுகிற உயரத்துக்கு மாற்றினேன். பின்பக்கத்துப் படியில் இறங்கக் கூடாதென்று கதவுக்குப் பூட்டுப் போட்டேன். முத்தம்மாள் என்று ஒருத்தியை வேலைக்கு வைத்து, ஐயா எதற்கும் எழுந்திருக்கக் கூடாது, தண்ணீர் வேண்டும் என்றாலும் நீதான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று சட்டம் போட்டேன். டீ கூட ஃபிளாஸ்கில் வந்தது. மாமாவும் நான் பண்ணுவதற்கெல்லாம் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவு நல்ல பிள்ளையாக அவரை நான் பார்த்ததே இல்லை. ஆடி பிறப்பதற்குள் தொடை இரண்டும் வற்றி வேட்டி கழன்று விழுகிற மாதிரி ஆகிவிட்டது. கதவுவரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு பேர் கை கொடுக்கவேண்டியிருந்தது. அப்போதுதான் நீயும் நானும் அப்பாவும் போனில் கூடிப்பேசி, இனி தனியாக விட முடியாது, செம்மண்டலத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று தீர்மானித்தோம். தீர்மானத்தைச் சொல்லப் போனபோதுதான் மாமா வாயைத் திறந்தார். "மூணு மாசம் குடு செல்வி. டாக்டரு ஃபிசியோவுக்கு எழுதிக் குடுத்துருக்காரு. மூணு மாசம் கழிச்சு என்னைத் தரையில படுக்க வச்சுப் பாருங்க. நானா எழுந்திரிச்சா இங்கயே இருக்கேன். இல்லேன்னா உம் பொண்ணு ரூமுக்கு வரேன், வந்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்." இதுதான் ஒப்பந்தம். நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை, அவரால் முடியாது என்று நிச்சயமாக நினைத்தேன். உன் ரூமுக்கு வெள்ளையடித்ததும் அதை நம்பித்தான்.

ஃபிசியோவுக்கு வந்த பெண் பேர் இலக்கியா. உன்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள், ஸ்கூட்டியில் வாரத்துக்கு இரண்டு நாள் வருவாள். முதல் நாள் நானும் அங்கே இருந்தேன். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த வூட்ல தாத்தா எழுந்திரிக்கறதுக்கு ஒரு காரணம் கூட இல்லியே, யாரு இப்படிப் பண்ணது" என்று கேட்டாள். முத்தம்மாள் கையில் இருந்த கரண்டியாலேயே என்னைக் காட்டினாள். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை, சிரித்தாள். விழுந்தவருக்கு விழாமல் பார்த்துக்கொள்வது சரிதான், ஆனால் காலுக்கு வேலையே இல்லாமல் பண்ணினால் அது வேலை பார்ப்பதை மறந்துவிடும், அடுத்த தடவை இன்னும் சுலபமாக விழுவார் என்றாள். வயதானால் உடம்பு சும்மா இருக்கும்போது கரைகிற வேகம் இளசுகளுக்கு இருப்பதைவிட ரொம்ப அதிகமாம். அன்றைக்கே செங்கல்லை எடுக்கவைத்தாள், பின்கதவுப் பூட்டைத் திறக்கவைத்தாள், டீ ஃபிளாஸ்கைக் கழுவிக் கவிழ்க்கச் சொன்னாள். முத்தம்மாளைப் பெருக்கவும் துணி துவைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னாள். மூன்று மாதமும் மாமாவுக்கு வேலை இதுதான்: கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுவது, உட்காருவது, சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஆண்டி கடைவரைக்கும் நடப்பது, கடைசியாகத் தரையில் படுத்து எழுந்திருக்கப் பழகுவது. அது ஒரே மூச்சில் வராதாம், துண்டு துண்டாகப் பழகவேண்டுமாம். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, நாலு காலில் நின்று, தவழ்ந்துபோய், கெட்டியாக ஒன்றைப் பிடித்து, ஒரு காலை முன்னால் வைத்து எழவேண்டும். தவழச் சொன்னதும் மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது, "வேட்டி கட்டுன ஆம்பளயத் தவழச் சொல்றியேம்மா" என்று இரண்டு நாள் மாட்டேன் என்றார். மூன்றாம் நாள் அவராகவே, கம்பத்தில் ஏறும்போது கையால் இழுத்துக்கொண்டு ஏறினால் பாதியில் நடுங்கும், காலால்தான் தள்ளிக்கொண்டு ஏறவேண்டும், இதுவும் அதே தொழில்தான் என்று இலக்கியாவுக்கே பாடம் எடுத்தாராம். அதற்கப்புறம் காலண்டர் தாளில் தேதிக்குத் தேதி எத்தனை தடவை என்று எழுதி வைத்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் கெடு. நானும் அப்பாவும் காலை பஸ்ஸில் போனோம். சிப்காட் தாண்டும்போது அப்பா வழக்கம்போல் தான் வேலை பார்த்த கம்பெனி கேட்டைக் காட்டினார், நானும் வழக்கம்போல் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தேன். மாமா குளித்து விபூதி வைத்துத் தயாராக இருந்தார். பாயை விரித்து அவரைப் படுக்கவைத்து இலக்கியா ஆரம்பிக்கலாம் என்றாள். ஒருக்களித்துத் திரும்பி முழங்கையை ஊன்றினார், ஊன்றியதுதான் தாமதம், நான் போய் அக்குளில் கைகொடுத்துவிட்டேன். நம் வீட்டில் பெரியவர்கள் எழுந்தால் பக்கத்தில் இருக்கிறவர் கை தானாகப் போகும், அது மூளையைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. "ஆன்ட்டி, இது செல்லாது, தாத்தா மொதல்லேருந்து பண்ணணும்" என்றாள் இலக்கியா. பத்து நிமிஷம் அவர் இளைப்பாறினார். இரண்டாம் தடவையும் என் கை போனது. முத்தம்மாள் அடுப்படியிலிருந்து, "எக்கா, ஒங் கைய ஒரு மூட்டயில கட்டிப் போடணும்" என்றாள். இலக்கியா என்னை எதிர்ச்சுவரோரம் தரையில் உட்காரவைத்து, இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் பேசுகிற பிள்ளையை உட்காரவைப்பதுபோல. உட்கார்ந்தேன்.

மூன்றாம் தடவை. திரும்பினார், ஊன்றினார், நாலு காலில் நின்றார், தவழ்ந்தார். பாய்க்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்து ஒரு காலை முன்னால் வைத்து அழுத்தினார், நாற்காலி சறுக்கிக்கொண்டு போய்விட்டது. அது பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று மாதமும் அவர் பழகியது கனமான தேக்கு நாற்காலியில். அது எங்கே என்று பார்த்தால் உன் அப்பா அதில் உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளை வந்தால் நல்ல நாற்காலி மாப்பிள்ளைக்குத்தான் என்று மாமாவே காலையில் துடைத்துப் போட்டு வற்புறுத்தி உட்காரவைத்திருக்கிறார், வேண்டாம் என்று அப்பா மூன்று தடவை சொல்லிவிட்டு நாலாம் தடவை உட்கார்ந்திருக்கிறார், நாங்கள் யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. இப்போது அப்பா பதறி எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இலக்கியா கையைக் குறுக்கே நீட்டி, "அங்கிள், உக்காருங்க. தனியா இருக்கறப்ப யாரு கொண்டாந்து போடுவா" என்றாள். அப்பா நாற்காலியோடு நடுக்கூடத்தில் நின்றார். மாமா மறுபடி நாலு காலில் இறங்கிவிட்டார், மூச்சு வாங்கியது, யாரையும் பார்க்கவில்லை. எனக்கு அப்போது தோன்றியதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. இதோடு விட்டுவிட்டால் நல்லது, நம் வீட்டுக்கு வந்துவிடுவார், சித்தி வாயும் மூடிவிடும் என்று தோன்றியது. கொஞ்சம் முன்னால் என் கை இரண்டு தடவை போனதே, அதில் எவ்வளவு பாசம், எவ்வளவு இந்த ஆசை என்று எனக்கே கணக்குத் தெரியவில்லை. மாமா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தெருப்பக்கத்து ஜன்னல் தாழ்வானது, கம்பி போட்டது. அதை நோக்கி ஏழெட்டு அடி தவழ்ந்து போனார். ஒரு கையால் கம்பியைப் பிடித்தார், ஒரு காலை வைத்தார், நின்றார், வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டுதான் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான்கு நிமிஷம் ஆனது என்று இலக்கியா சொன்னாள். தரையில் கிடந்த மனிதரைச் சுற்றி நான்கு பேர் கை கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு நீளமான நேரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அவர் சித்திரையில் கிடந்தது இரண்டரை மணி நேரம்.

எல்லோரும் மாமாவைச் சுற்றி நின்றார்கள், என்னைத் தவிர. நான் எழப் பார்த்தேன், வரவில்லை. ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் நாற்காலியை விட்டு அசையாத உடம்பு, தரையில் உட்கார்ந்து எத்தனை காலம் ஆகிறதோ. முழங்கால் ஒரு பக்கம், புடவை ஒரு பக்கம் என்று தத்தளித்தேன். மாமாதான் முதலில் பார்த்தார், "கை குடுக்கட்டுமா செல்வி" என்றார், மூஞ்சியில் அப்படி ஒரு அப்பாவித்தனம். இலக்கியா குடுக்காதீங்க தாத்தா என்றாள். முத்தம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அம்பத்தாறு வயதில் நானும் ஒருக்களித்து, ஊன்றி, தவழ்ந்துபோய், உன் அப்பா கையிலேயே வைத்திருந்த தேக்கு நாற்காலியைப் பிடித்துத்தான் எழுந்தேன். வரும் புதன்கிழமையிலிருந்து மஞ்சக்குப்பத்தில் ஒரு ஃபிசியோவிடம் எனக்கும் நாள் குறித்திருக்கிறது, சிரிக்காதே, நீயும் அங்கே நாளெல்லாம் லேப்டாப் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாய், மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நட.

கிளம்புமுன் இலக்கியாவைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் விழ மாட்டார் என்று எழுதித் தருவாயா என்று கேட்டேன். "விழ மாட்டாருன்னு எழுதித் தர மாட்டேன் ஆன்ட்டி. விழுந்தா எழுந்திரிப்பாரு, அத வேணும்னா எழுதித் தரேன்" என்றாள். மாமா சிதம்பரத்திலேயே இருக்கிறார். வீட்டுச் சாவி ஒன்று ஆண்டியிடம் இருக்கிறது. பட்டன் போன் ஒன்று சட்டைப்பையில் எப்போதும் இருக்கும், அது அவர் விழுந்தால் எங்களைக் கூப்பிடுவதற்கு மட்டும். காலையில் ஏழு மணிக்கு அவர் எங்களைக் கூப்பிட்டுவிடுவார், கூப்பிடாவிட்டால் நாங்கள் ஆண்டியைக் கூப்பிடுவோம். இலக்கியா மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பாள். சித்திக்கு நானே போன் பண்ணி, மாமா தனியாகத்தான் இருக்கிறார், அவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். சரி என்று வைத்துவிட்டாள், மிச்சத்தை ஊரிடம் சொல்லுவாள், இரண்டு நாளில் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அது என் காதுக்கும் வரும்.

நீ நல்லா இருக்கணும், நேரத்துக்குச் சாப்பிடணும், கெட்டது எதுவும் உன் பக்கம் வராமல் தில்லை அம்பலத்தான் பார்த்துக்கொள்வான், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார் என்று அவர் சார்பில் நானே எழுதிவிடுகிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை தாத்தாவை வீடியோ காலில் கூப்பிடு, இங்கே வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லாதே. நீ கூப்பிடுகிற பெரிய போன் கூடத்து அலமாரியில் இருக்கிறது, நாலைந்து மணி அடித்ததும் எடுக்கவில்லையே என்று வைத்துவிடாதே, இன்னும் கொஞ்சம் அடிக்கவிடு. அவர் எழுந்து வந்துகொண்டிருப்பார்.

அன்புடன் உன் அம்மா,
தமிழ்ச்செல்வி அன்பரசு
செம்மண்டலம், கடலூர்