சனிக்கிழமை பஸ்ஸுக்குக் காத்திருந்தவருக்கு

போன கிழமை என் முழங்காலுக்கு வைத்தியம் செய்யும் பெண் ஒரு களிம்பு பூசிவிட்டாள். கற்பூரமும் தைலமும் கலந்த காரமான வாசம். மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். "நோகுதா?" என்று அவள் கேட்டாள். இல்லை என்றேன். ஆனால் கண் கலங்கிவிட்டது. சனிக்கிழமைகளில் இதே களிம்பைத்தான் உங்கள் வலது முழங்காலில் பூசச் சொல்வீர்கள்.

சுவிஸில், ஓல்டன் முதியோர் இல்லத்தில் நான் உதவியாளராகச் சேர்ந்த காலத்தில் உங்களுக்கு எண்பது தாண்டியிருந்தது. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. சுவீடனில் இருந்த தங்கையின் மகள் மட்டும் இடைக்கிடை தொலைபேசியில் கதைப்பாள். உங்கள் அறைச் சுவரில் ஒரே ஒரு படம் தொங்கியது. சேறு தெறித்த காற்சட்டையோடு ஓர் இளைஞன் மற்ற எல்லோருக்கும் மேலே எழும்பி, தலையால் பந்தை முட்டுகிறான். அது நீங்கள்தான் என்று நம்ப எனக்குச் சில நாள் பிடித்தது. உதைபந்தாட்டத்தைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. "முன்கள வீரன் என்றால் என்ன வேலை?" என்று உங்களிடமே கேட்டேன். சிரித்தீர்கள். "தொண்ணூறு நிமிடம் காத்திருக்கிற வேலை. பந்து ஒருமுறை வரும். அப்போது அங்கே நிற்க வேண்டும்."

2009 மே மாதம். வன்னியில் இருந்த அம்மாவிடமிருந்தும் தம்பியிடமிருந்தும் வாரக்கணக்காக ஒரு சொல்லும் இல்லை. வேலைக்கு வராமல் வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது. மத்தியானம் உங்களுக்கு சூப் கொண்டுவந்தேன். பாதி தட்டில் சிந்திவிட்டது.

"என்ன செய்தி?" என்றீர்கள்.

"செய்தி ஒன்றுமில்லை. அதுதான் பயம்."

நீங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னீர்கள். அன்றைக்குத்தான் உங்கள் கதையை முழுதாகச் சொன்னீர்கள்.

சுவீடனில், மரம் அரியும் ஆலையுள்ள சிறிய ஊரில் பிறந்தீர்கள். ஆலையின் அணியில் ஆடினீர்கள். பிறகு பெரிய கழகம், பிறகு நாட்டு அணியின் மஞ்சள் சட்டை. அதைச் சில தடவைதான் போட்டீர்கள். அந்த நேரத்தில் இத்தாலியிலிருந்து ஒரு கழகம் கூப்பிட்டது. ஆட்டத்தையே தொழிலாக்கி வெளிநாடு போகிறவனுக்கு நாட்டு அணியில் இடமில்லை என்பது அன்றைக்கு உங்கள் ஊர்ச் சட்டம். தெரிந்துகொண்டே போனீர்கள். "இருபத்தைந்து வயதில், மூடின கதவு பிறகு திறக்கும் என்றுதான் எவனும் நினைப்பான்" என்றீர்கள். இத்தாலியில் மூன்றாவது ஆட்டப் பருவத்தில் முழங்கால் போனது. அதோடு சுவிஸுக்கு வந்து ஒரு சின்னக் கழகத்தில் நொண்டி நொண்டி ஆடி, கடைசியில் லாங்கன்தாலில் இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் வேலைக்குப் போனீர்கள்.

அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. உலகக் கிண்ணம் உங்கள் நாட்டிலேயே நடந்தது, வெளிநாட்டில் ஆடுகிறவர்களையும் திருப்பிக் கூப்பிட்டார்கள். உங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் கால் இல்லை. இறுதி ஆட்டத்தை வீட்டு வானொலியில் கேட்டீர்கள். முதல் கோலைச் சுவீடன்தான் அடித்தது. நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். இரு என்று மனைவி சொல்லியும் இருக்கவில்லை. பிறகு பிரேசில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டது. முடியும்வரை நின்றபடியே கேட்டீர்கள்.

"உங்களுடையது விளையாட்டில்லை. மன்னிக்க வேண்டும்" என்றீர்கள். "தூர இருந்து கேட்டுக்கொண்டு நிற்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அந்த நாட்களில் என்னிடம் 'எல்லாம் சரியாகும்' என்று சொல்லாத ஒரே ஆள் நீங்கள். அம்மா முகாமில் கிடைத்தார். தம்பி கிடைக்கவில்லை. அதைச் சொன்னபோது நீங்கள் கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தீர்கள்.

இரண்டு வருடத்துக்குள் உங்கள் நினைவு உதிரத் தொடங்கியது. முதலில் பெயர்கள் போயின, பிறகு டொச் என்கிற ஜெர்மன் மொழியே போனது. அறுபது வருடமாகப் பேசிய மொழி. சுவீடிஷ் மட்டும் மிஞ்சியது. எங்கள் இல்லத்தில் அது ஒருவருக்கும் தெரியாது. சனிக்கிழமை காலையானால் துவாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பீர்கள். திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. உங்கள் தங்கையின் மகளுக்கு அதைத் தொலைபேசியில் சொல்லிக் காட்டினேன். "பஸ் எப்போது போகும் என்று கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அணியின் பஸ். ஆட்டத்துக்குப் போகிற பஸ்.

என்னோடு வேலைசெய்த ராஜி அக்கா சொன்னா: "பஸ் இல்லை எண்டு சொல்லாதை பிள்ளை, அழுவார். வருகுது எண்டு சொல்லு. பத்து நிமிசத்தில மறந்திடுவார்."

"பொய்யல்லோ அக்கா?"

"பொய்தான். வேற என்னத்தைக் குடுக்கப் போறாய்?"

டொச்சில் சொல்லிப் பார்த்தேன். உங்களுக்கு விளங்கவில்லை. கண் அலைந்தது. அதனால் உங்கள் தங்கையின் மகளிடமே கேட்டு, 'இப்போது வந்துவிடும்' என்பதைச் சுவீடிஷில் சொல்லப் பழகினேன். தமிழ் எழுத்தில் எழுதி, ரயிலில் வரும்போது பாடமாக்கினேன். அடுத்த சனிக்கிழமை அதைச் சொன்னேன். உங்கள் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வேன்! என் தோளில் தட்டினீர்கள். அணியில் என்னையும் சேர்த்துக்கொண்ட மாதிரி.

நான் நினைக்காதது இதுதான். டொச்சில் சொன்னால் காதில் விழாமல் போயிருக்கும். சொந்த மொழியில் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பனி பெய்திருந்தது. கேட்டீர்கள், சொன்னேன். சொல்லிவிட்டுப் பக்கத்து அறை அம்மாவைக் குளிக்கவார்க்கப் போனேன். எப்போதும் பூட்டியிருக்கும் கீழ்க்கதவைச் சலவைத் துணி இறக்க வந்தவர்கள் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் திரும்பி வந்தபோது உங்கள் அறையில் நீங்கள் இல்லை.

வீதிக்கு ஓடினேன். நகரப் பேருந்து கதவைத் திறந்தபடி நின்றது. படிக்குக் கீழே பனியில் நீங்கள் கிடந்தீர்கள். காலில் வீட்டுச் செருப்பு. ஏறப் போய் வழுக்கிவிட்டது என்று ஓட்டுநர் கையைப் பிசைந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. என்னைக் கண்டதும் நீங்கள் அழவில்லை. பேருந்தைக் காட்டினீர்கள், ஏற்றிவிடச் சொல்லி.

கதவுதான் பிழை, உன்னில் பிழையில்லை என்றார் பொறுப்பாளர். நான் தலையாட்டினேன். காலையில் உங்களுக்கு என்ன சொன்னேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. ராஜி அக்காவுக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

சத்திரசிகிச்சை முடிந்து திரும்பி வந்தீர்கள். நெஞ்சில் சளி கட்டியது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். தங்கையின் மகள் புறப்பட்டுவிட்டாள். அவள் வந்து சேர இன்னும் சில மணித்தியாலம் இருந்தது. பின்னேர வெயில் கட்டிலில் விழுந்த நேரம் நீங்கள் கண் திறந்து என்னைப் பார்த்தீர்கள். என் கையைப் பிடித்து, நீளமாக ஒரு வசனம் சொன்னீர்கள். தெளிவான குரல். பஸ் என்ற சொல் அதில் இல்லை. கடைசியில் குரல் உயர்ந்தது, அதனால் கேள்வி என்று மட்டும் விளங்கியது. பதிலுக்காகக் காத்திருந்தீர்கள். எனக்குத் தெரிந்த ஒரேயொரு சுவீடிஷ் வசனத்தை இனி வாயால் எடுப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். வேறென்ன சொல்வது? என் வாயில் தமிழில் சம்மதம்தான் வந்தது.

"ஓம்" என்றேன்.

உங்கள் பிடி தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

உங்கள் தங்கையின் மகள் வந்து, "ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். அந்த ஒலிகளைத் திருப்பிச் சொல்லப் பார்த்தேன். இரண்டு முறை, மூன்று முறை. அவள் காதைக் கிட்ட வைத்துக் கேட்டாள். பிறகு மெல்லத் தலையசைத்தாள். நான் சொன்னது எந்த மொழியிலும் இல்லை.

இன்றைக்கும் உங்கள் குரல் கடைசியில் உயர்ந்த விதம் காதில் இருக்கிறது, சொற்கள் இல்லை. எதற்கு ஓம் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லிவிட்டேன்.