குழாயை மூடுவது யார்

செவ்வாய்

காலையிலேயே வெயில். பால் திரிந்துவிட்டது. பாத்திரம் கழுவும் மெஷினில் சிவப்பாக ஈ-1. புத்தகத்தில் பார்த்தேன், தண்ணீர் உள்ளே வரவில்லை என்று அர்த்தமாம். சர்வீஸ் ஆளுக்கு போன். "மேடம், மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணி பிளக்க எடுத்துடுங்க. கை ஈரமில்லாம. கீழ இருக்கிற மூடிய மட்டும் நீங்க கழட்டாதீங்க."

அப்படியே செய்தேன். சிங்க்குக்கு அடியில் குழாயை மூடி, ஹோஸைக் கழற்றினால் சல்லடை முழுக்க வெள்ளை உப்பு. நம்ம ஊர் போர் தண்ணீர் வேறு எப்படி இருக்கும். பழைய பல் பிரஷ், ஐந்து நிமிஷம். மாட்டினேன், குழாயை முழுசாகத் திறந்தேன், ஒழுகவில்லை. பிளக். ஓடியது.

ஓடியே ஆக வேண்டும். வேங்கிக்கால் ஆபீஸ் வேலையில் நான் சேரும்போது இவர் போட்ட ஒரே கண்டிஷன்: முட்டி வலியோடு அத்தை பாத்திரம் தேய்க்கக் கூடாது. மெஷின் நின்றால் என் வேலையும் நின்றது.

புதன்

மறுபடி ஈ-1. சல்லடை சுத்தம். குழாய் மூடியிருக்கிறது. நேற்று திறந்தது நான்.

பகலெல்லாம் வீட்டில் இருப்பது அத்தை. மெஷின் வந்த அன்றே முகம் சுளித்தவர். கேட்டேன். "நான் எதுக்கும்மா அதத் தொடப் போறேன்? எனக்கு அதப் பாத்தாலே பயம்." பார்வை என் பக்கம் இல்லை, ஆய்ந்துகொண்டிருந்த கீரையில். நம்பவில்லை. இவர் சமாதானம்: "விடு. வயசானவங்க, தெரியாம மூடியிருப்பாங்க."

தெரியாமலா. தரையில் உட்கார்ந்து, கையை விட்டுத் திருக வேண்டிய குழாய். அப்போது மட்டும் முட்டி வலி எங்கே போயிற்று?

வியாழன்

துவரம்பருப்பு, காபித்தூள், அப்பளம் வாங்க வேண்டும். நாளை பௌர்ணமி. கிரிவலம் போக இவர் தங்கை குடும்பம் சென்னையிலிருந்து வருகிறது. வழக்கம்போல சாப்பாடு இங்கே.

ஒரு ஸ்டிக்கர் பொட்டை, பாதி குழாய்த் திருகிலும் பாதி பைப்பிலுமாக ஒட்டினேன். திருகினால் பெயர்ந்துவிடும். மாமியாருக்குப் பொறி வைக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. எடுக்கவில்லை.

வெள்ளி, பௌர்ணமி

விடியும் முன்பே அத்தை அடி அண்ணாமலை போய்விட்டார், அவர் அக்கா வீட்டு மோர்ப்பந்தலுக்கு. நாளைக்குத்தான் வருவார். சமைத்து வைத்துவிட்டு ஆபீஸ் கிளம்பும்போது பார்த்தேன், பொட்டு ஒட்டினபடி. வீட்டில், லீவு போட்டிருந்த இவர் மட்டும்.

மத்தியானம் பர்மிஷன். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், நடை. வந்து பார்த்தால் எல்லாரும் சாப்பிட்டாகிவிட்டது, சிங்க் நிறைய எச்சில் தட்டு. ஈ-1.

நாத்தனார்: "இன்னா அண்ணி, மெஷின் இப்படி மானத்த வாங்குது?"

இவர் எல்லார் முன்னாலும் சொல்கிறார்: "அம்மாவுக்கும் முடியல. யாராவது ஒருத்தர் வீட்ல இருந்தாத்தான் சரிப்படும்." எல்லாத் தலையும் ஆடியது.

பிளக்கை எடுத்துவிட்டுக் குனிந்தேன். குழாய் மூடியிருந்தது. பொட்டு தரையில்.

திறந்தேன். ஓடியது. விருந்தாளிகள் கிரிவலம் முடித்து வந்து படுத்த பிறகு இவரைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டேன். "நீங்கதானே?"

துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். பிறகு, "வேலைய விட்டுடுன்னு நான் கேட்டா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

சனி

நாத்தனார் குடும்பம் கிளம்பியாயிற்று. கால் வீக்கத்துக்குத் தைலம் கேட்டாள், பாட்டிலோடு கொடுத்துவிட்டேன்.

அத்தை வந்தார், தூக்கு நிறைய மோர். மன்னிப்புக் கேட்க வேண்டும். அசிங்கமாக இருந்தது. "உங்களத்தான் சந்தேகப்பட்டேன் அத்த."

மோரை டம்ளரில் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "தெரியும்மா. அவன் மூடுனத நான் பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எம்மேல கோவம்னா நாலு நாள்ல மறந்துடுவ. அவன் மேலன்னா மறப்பியா?"

டம்ளரை வாங்கிக்கொண்டேன். இவரோடு இன்று பேசவில்லை.