சைபருக்குக் குறுக்கே ஒரு கோடு

அன்புள்ள அத்தான்,

அன்பு என்று கை தானாக எழுதிவிட்டது. அடிக்க மனமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். மற்றபடி இந்தக் கடிதத்தில் உங்களுக்கு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் வருஷ நினைவு நாள் வருகிறது. போஸ்டரில் போட நாலு வரி எழுதிக் கொடு என்று அத்தை கேட்டாள். 'எங்கள் குலவிளக்கே' என்று ஆரம்பிக்க வேண்டுமாம். பேனாவை எடுத்து உட்கார்ந்தேன், விளக்கு வரவில்லை. வந்தது இதுதான். நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. நான் எம்.டெக் சேர்ந்துவிட்டேன். நீங்கள் படித்த அதே பகுதிநேரப் படிப்பு. அதே தண்டலம் கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. நீங்கள் தூங்கி வழிந்த அதே கடைசி பெஞ்சு. "வீட்ல இருக்கவளுக்கு எம்.டெக் எதுக்குட்டி? சாம்பார்ல போடவா?" என்று கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? விருந்தாளிகள் முன்னால் கேட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எதற்குச் சேர்ந்தேன் என்கிறீர்களா? நீங்கள் போன பிறகு ஒரகடத்தில் வேலை கேட்டு நான் ஏறாத கம்பெனி இல்லை. பி.இ. முடித்துவிட்டு இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. உங்கள் கம்பெனியில் மட்டும் பெரிய மனசு பண்ணி, வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லும் வேலை தருகிறோம் என்றார்கள். எம்.டெக் இருந்தால் தண்டலம் பக்கத்துக் கல்லூரிகளில் வாத்தியார் வேலைக்குக் கேட்கலாம். எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வழிதான். அதற்கும் குறுக்கே வந்து நிற்கிறீர்கள், செத்த பிறகும்.

எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். உங்களுக்கு இப்போது வேறு என்ன வேலை?

உங்கள் படிப்புக்கு அசைன்மென்ட் எல்லாம் கையால் எழுதித்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து ஷூவைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் விழுவீர்கள். பென்னலூர் வாடகை வீட்டில், மத்தியானம் பூராவும் உங்கள் குறட்டைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதியது நான். முதல் அசைன்மென்ட்டை என் எழுத்தில் எழுதி வைத்தேன். "மாட்டிக்கிடுவோம்ட்டி" என்று கிழித்துப் போட்டீர்கள். உங்கள் ஷிஃப்ட் ரிப்போர்ட் தாள்களைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, இதைப் பார்த்துப் பழகு என்றீர்கள்.

எல்லாமே இங்கிலீஷ் பெரிய எழுத்து. ஏழுக்கு நடுவில் ஒரு கோடு. சைபருக்குக் குறுக்கே ஒரு கோடு. பார்ட் நம்பரில் ஓ என்ற எழுத்தும் சைபரும் குழம்பிப்போய் வேறு சாமான் லாரி ஏறிவிடக் கூடாது என்று கம்பெனி உற்பத்தி லைனில் எல்லாரும் பழகுகிற பழக்கம் அது. நான் லைனைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் பழகினேன். நீங்கள் தூங்க, உங்கள் எழுத்து என் கையில் வந்து உட்கார்ந்தது. அப்போது அது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, போங்கள்.

"எனக்கு முடியட்டும், அடுத்து உனக்குத்தான்" என்றீர்கள். முடிந்தது. பட்டம் வந்தது. உங்கள் மேனேஜர் வீட்டுக்கு வந்தபோது, "ராவும் பகலும் கண்ணு முழிச்சுப் படிச்சேன் சார்" என்றீர்கள். டீ டம்ளரோடு பக்கத்தில் நின்ற என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. உங்களுக்கு உதவி மேனேஜர் பதவி, எனக்கு அந்தச் சாம்பார் கேலி.

அப்புறம் ஒரகடம் ரோட்டில் அந்தக் கன்டெய்னர் லாரி. உங்கள் ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். ஒரு கீறல்கூட இல்லாமல் அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் தினமும் திட்டுகிறேன். கேட்கிறதா?

போன மாதம் வகுப்பு முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் சார் என்னைக் கூப்பிட்டார். உங்களுக்கும் அவர்தான் இருந்தார், தெரியும் உங்களுக்கு. மேஜையில் என் அசைன்மென்ட் இருந்தது. பக்கத்தில் உங்களுடைய பழையது.

"இது உங்க வீட்டுக்காரர் எழுத்தும்மா. அவரோட பேப்பருக்கு முதல் பக்கத்த மட்டும் மாத்திக் குடுத்திட்டீங்களா?"

"நான் எழுதினது சார்."

"வீட்ல இருக்கறவங்க யாரும்மா சைபருக்குக் கோடு போடுவாங்க? இது ஃபேக்டரிப் பழக்கம்."

ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். புதுசாக ஒரு கணக்குக் கொடுங்கள் சார் என்றேன். கொடுத்தார். நின்றபடியே போட்டேன். அவர் விடையைப் பார்க்கவில்லை, எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உங்கள் தாளை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"அப்ப அவரோடது?"

"அதுவும் நான்தான் சார்."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கெட்ட மனுஷர் இல்லை அத்தான், அதுதான் கஷ்டம். "இத வெளிய சொன்னா அவர் பட்டத்துக்கே சிக்கல்மா. எழுதிக் குடுத்ததுக்கு உங்க மேலயும் வரும். பேப்பர் திருத்தினவர் காப்பின்னு குறிப்பு போட்டுட்டாரு, அத சும்மா விட முடியாது. போனவர் பேரு எதுக்குக் கெடணும்? கணவர் பேப்பரைப் பார்த்து எழுதிட்டேன், மன்னிக்கணும்னு ஒரு லெட்டர் குடுத்திடுங்க. இந்த செமஸ்டர் மட்டும்தான் போகும். அடுத்ததுல வேற எழுத்துல எழுதுங்க. யாருக்கும் நஷ்டமில்ல."

யாருக்கும் நஷ்டமில்லையாம். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் நீங்களும் இதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "ஒரு கையெழுத்துதானட்டி, போட்டுட்டுப் போயேன். எம்புள்ள பேர்ல ஏன் சேத்த வாரி எறியுத? செத்தவன் எந்திச்சு வந்து பதிலா சொல்லப் போறான்?"

"உசுரோட இருக்கவ சொல்லணும்லா அத்த, திருடலன்னு" என்றேன்.

"வாய் நீண்டு போச்சுட்டி ஒனக்கு. எங்கண்ணன் ஒன்ன வளத்த லச்சணம் இது."

மோட்டார் போட வந்த வீட்டுக்காரம்மா தேவகி அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா அநியாயமா கீது? அந்தாளு கொறட்ட வுட்டுக்கினு கெடக்கும், இந்தப் பொண்ணு எய்திக்கினே இருக்கும். நான்தான் தெனம் பாத்துக்கினு இருந்தேனே. எந்தக் காலேஜு அது? நான் வந்து சொல்றேன் வா" என்றார். ஊரே பார்த்திருக்கிறது அத்தான். பார்க்காதது நீங்கள் ஒருவர்தான், தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

ஆனாலும் நான் பயந்தேன். பொய் சொல்வானேன், சார் சொன்னபடியே செய்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். வேறு எழுத்துதானே? என் பழைய எழுத்து இருக்கிறதே. கல்லூரி நோட்டை எடுத்துப் பார்த்தேன். குண்டு குண்டாக, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, சிரிக்கிற மாதிரி இருந்தது. அதைப் பார்த்து எழுதிப் பழகினேன். என்னுடைய எழுத்தை நானே பார்த்து எழுதிப் பழகுகிற கொடுமையை யாரிடம் சொல்ல? இரண்டாவது வரியிலேயே சைபருக்குக் குறுக்கே கோடு விழுந்துவிட்டது. அழித்தேன். மறுபடியும் விழுந்தது. என் எழுத்தை எங்கே அத்தான் கொண்டுபோய் வைத்தீர்கள்? நோட்டை மூடிவிட்டு அழுதேன். உங்களுக்காகவா என்று கேட்காதீர்கள்.

அழுது முடித்தபோது ஒன்று தெரிந்துவிட்டது. எனக்கு இனி வேறு எழுத்து கிடையாது. இந்த எழுத்தை உங்களுடையது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அப்புறம் நான் எதை எழுதினாலும் அது திருட்டுதான்.

போன ஞாயிறு லெட்டர் கொடுத்துவிட்டேன். மன்னிப்பு இல்லை அதில். இரண்டு பேர் அசைன்மென்ட்டும் நான் எழுதியவை, வேண்டுமானால் எந்தப் பாடத்திலும் உட்கார வைத்துக் கேளுங்கள், இவ்வளவுதான். பரீட்சையை நீங்கள்தான் எழுதினீர்கள் என்றும் ஒரு வரி சேர்த்தேன். இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது நடந்தது, அதனால் எழுதினேன். சார் இரண்டு தடவை படித்துவிட்டு, "யோசிச்சுதான் குடுக்கறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். விசாரிப்பார்களாம். உங்கள் பட்டமும் போகலாம், என் சேர்க்கையும் போகலாம். இரண்டும் போனால் நாம் சமம்.

நேற்று அத்தையைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போஸ்டர் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் உங்கள் சிரித்த முகம். கீழே பொறியாளர் முத்துராஜ், பி.இ., எம்.டெக். என்று தங்கக் கலரில். "எல்லாம் கரெக்டாம்மா, பிரின்ட் போட்டுடலாமா?" என்றார் கடைக்காரர். "எம்.டெக்க எடுத்துடுங்க" என்றேன். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது. நான் கையை உருவவில்லை, சொன்னதையும் மாற்றவில்லை. எடுத்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை என் பக்கத்தில் உட்காரவில்லை.

அந்த எம்.டெக்கில் உங்களுக்குப் பாதி உண்டு, தெரியும். முழுசையும் நீங்கள் பெயருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு திரிந்தபோது என் பாதி எங்கே இருந்தது? பி.இ. நீங்களே படித்தது. அதை விட்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இங்கே தள்ளிவிட்டால் வேறு இடத்தில் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். எம்.டெக் முடிப்பேன். இதே எழுத்தில்தான் முடிப்பேன். ஏழுக்கும் கோடு போடுவேன், சைபருக்கும் கோடு போடுவேன். ஒருநாள் வகுப்பில் போர்டில் எழுதும்போது, ஏன் மேடம் சைபரை இப்படிப் போடுகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இது என் எழுத்து என்பேன். உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள், உங்கள் மனைவி,
மாரிச்செல்வி, பி.இ.