ஒரே மூட்டையில் போன வெள்ளைச் சேலைகள்

கோரிப்பாளையத்தில் பஸ் நின்றபோது, சாலையோர இஸ்திரிக் கடையிலிருந்து அந்த வாசனை வந்தது. கஞ்சி போட்ட துணியின் மேல் கரிப்பெட்டி ஏறும்போது எழுகிற வாசனை. என் கை தானாகப் பின்கழுத்துக்குப் போய் ரவிக்கையின் விளிம்பை இழுத்து மூடியது. மறைக்க அங்கே எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் நான் செய்ததைப் பார்த்துவிட்டாளோ என்று அதற்கும் பயந்தேன். வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் பெயரை இதில் எழுதப் போவதில்லை. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இனி உன்னை யாரும் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. இருந்தாலும் பெயரை எழுதக் கை வரவில்லை.

நர்ஸிங் பட்டம் வாங்கிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்த நாள் உனக்கு நினைவிருக்கும். என் ஊர் வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அய்யா என் டிரங்குப் பெட்டியை விடுதி வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வரக் கூச்சப்பட்டு அப்படியே திரும்பிவிட்டார். என்னை உன் அறையில் போட்டார்கள். நீ எனக்கு முன்பே பல வருடம் வேலை பார்த்தவள். உன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வரவில்லை.

“ஏ பட்டதாரி, தரையில என்னதான் எழுதியிருக்கு? எனக்கும் கொஞ்சம் படிச்சுக் காட்டு” என்றாய். நீ என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை நான் சொன்னபடி கேட்காது. தினமும் நீதான் கொசுவம் பிடித்துவிடுவாய். “இம்புட்டு வெறப்பா நின்னா, சேலை எது நீ எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்பாய். ஒருநாள் கொசுவத்தைச் செருகிய பிறகும் உன் கை அங்கேயே நின்றது. நானும் விலகவில்லை. மற்றவர்கள் முன்னால் உன்னை அக்கா என்றேன். அறைக்குள் நீ என்றேன்.

எங்கள் பாடப் புத்தகத்தில் நம்மைப் பற்றிச் சில வரிகள் இருந்தன, மனநோய்களின் வரிசையில். நான் அதைக் காட்டியபோது நீ நிதானமாகப் படித்தாய். “இதை எழுதுன ஆளுக்கு யாரும் ஆசையாத் தலை பின்னி விட்டதில்ல போல” என்று புத்தகத்தை மூடிவிட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்கு அடுத்த ஊரில் இரண்டு பெண்கள் ஒன்றாகக் கிணற்றில் விழுந்ததைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஏன் விழுந்தார்கள் என்று கேட்டதற்கு அம்மா என் வாயில் அடித்தாள். அந்த அடிதான் எனக்குக் கிடைத்த விளக்கம்.

நம் துணிகள் ஒரே மூட்டையில் வெளுக்கப் போய்க்கொண்டிருந்தன. சலவைக்காரர் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி வைப்பார். சேங்கொட்டைச் சாறு, எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. விடுதியில் ஆளுக்கு ஒரு குறி உண்டு. நமக்கு மட்டும் இரண்டு பேர் ரவிக்கைக் கழுத்திலும் ஒரே குறியை வைத்துவிட்டார்: மூன்று புள்ளி, ஒரு கோடு.

“அண்ணே, எனக்கு வேற குறி போட்டுக் குடுங்க” என்றேன்.

“ஒரு மூட்டையில வாரது ஒரு வீடுதானம்மா?” என்றார் அவர், என் பயம் புரியாமல். “போட்டது இனிமே அழியாது.”

நீ கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாய். நான் ரவிக்கைக் கழுத்தை மூடிக்கொள்ளப் பழகிக்கொண்டேன்.

ஆண்கள் வார்டில் ஒரு நோயாளியின் அண்ணன் பயிற்சி நர்ஸ் ஒருத்தியின் இடுப்பில் கை வைத்ததும், அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டதற்காக அவளை அறைந்ததும் அதற்குப் பிறகு நடந்தவை. அவன் செல்வாக்கு உள்ளவன். அவனிடம் அவள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நீ எல்லோரையும் கூட்டினாய். டியூட்டி முடிந்தவர்கள் விடுதிக்குப் போகாமல், தோளில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு அலுவலக வாசலில் நிற்பது என்று முடிவானது. முதல் நாள் நீங்கள் நின்றீர்கள். நான் வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் டியூட்டி தொடங்கும் முன், எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து உடையைப் பார்க்கும்போது, மேட்ரன் என் ரவிக்கைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு உன்னுடையதை. மத்தியானம் என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டாள்.

“நீயும் அவளும் ஒரே வீடாமே. துணி வெளுக்குறவனுக்கே தெரிஞ்சிருக்கு. உங்க அய்யா மாசா மாசம் வாராருல்ல? இந்தத் தடவை என்னைய வந்து பாக்கச் சொல்றேன். உன் சிநேகிதி அந்தக் கறுப்புத் துணியைக் கழட்டிட்டா, அவருட்ட எனக்கு என்ன பேச்சு இருக்கு?”

உன்னிடம் வந்து சொன்னேன். உன் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன். “கழட்டிருறேன்” என்று உடனே சொன்னாய். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். “அந்தப் புள்ள போயி அவன்ட்ட மன்னிப்புக் கேக்கும். அதைப் பாத்துட்டு இங்க வந்து நீயும் நானும் சிரிச்சுப் பேசணும். முடியுமா?” பிறகு, “உங்க அய்யா. உன் ஊரு. நீ சொல்றதுதான்” என்றாய்.

சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் ஒரு கறுப்புத் துணியை உன்னிடம் நீட்டினேன். “எனக்கும் குத்தி விடு.” ஊசி தவறி என் தோளில் ஏறியது. நீ மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

மேட்ரன் வெளியே வந்து எல்லோர் காதிலும் விழும்படி, “புருஷனும் பொண்டாட்டியும் சேந்தே வந்தாச்சா?” என்றாள். சிரித்தார்கள். நம்மோடு நின்றவர்களிலும் சிலர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர, நம்மைச் சுற்றி வெற்றிடம் விழுந்தது. அறை வாங்கிய பெண் மட்டும் வந்து அந்த இடத்தில் நின்றாள். நான் ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தேன். வாய் அசையாமல் நீ சொன்னாய்: “பயந்தா பயந்துக்க. நகராத.”

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பேச்சைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். உன்னை மட்டும் கடலோரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள்.

அந்த மாதம் அய்யா வந்தார். அவர் மேட்ரன் அறையிலிருந்து வெளியே வருவதைப் படிக்கட்டிலிருந்து பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்து கடலைப் பையை என் கையில் கொடுத்தார். “இளைச்சுப் போயிட்ட” என்றார். “வாரேன்” என்று கிளம்பிவிட்டார். அதன்பிறகு என் கல்யாணப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அது கோபமா, வெறுப்பா, என்னைத் தலைமுழுகிவிட்டாரா என்று ஒவ்வொரு மாதமும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்தேன். மேட்ரன் அவரிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

லீவு கிடைத்தபோதெல்லாம் நீ வந்தாய். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு நர்ஸுகள் டீ குடித்தால் யாரும் பார்ப்பதில்லை. கடைசியாக வந்தபோது உன் கண்கள் மஞ்சளாக இருந்தன. அடுத்த தடவை உன் உடலைத்தான் கொண்டுவந்தார்கள். உன் அண்ணன் வீட்டு வாசலில் ஆஸ்பத்திரிக்காரர்களோடு ஓரமாக நின்றேன். மற்றவர்கள் எவ்வளவு அழுதார்களோ அவ்வளவே அழுதேன். ஒரு சொட்டுக் கூடினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

சில மாதங்களுக்கு முன் அய்யா வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் கேட்டார்: “உன்கூட ரூம்ல இருந்துச்சே, அந்தப் புள்ள எங்க? ஆளையே காணோம்.”

“செத்துப்போச்சுய்யா. காமாலை.”

தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “எப்ப?”

“ஐப்பசியில.”

துண்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “சொல்லிவிட்டிருந்தா வந்திருப்பேன்ல. ஒரு கோடி எடுத்துட்டு வந்து போட்டிருப்பேன்.”

இறந்தவர் மேல் கோடித் துணி போடுவது உறவுக்காரர்கள், சம்பந்தம் செய்தவர்கள். மகளோடு வேலை பார்த்தவளுக்குக் கோடி எடுத்துக்கொண்டு எந்தத் தகப்பனும் பஸ் ஏறுவதில்லை. அய்யாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் யார் கோடி முதலில், யாருடையது பிறகு என்று எடுத்துச் சொல்கிறவரே அவர்தான்.

நான் எழுந்துகொண்டேன். “மோர் தரவாய்யா?” என்று மட்டும் கேட்டேன். தரச் சொன்னார்.

தெரிந்துதான் சொன்னாரா? அப்படியானால் எத்தனை நாளாகத் தெரியும்? ஒவ்வொரு முறை அவர் வரும்போதும் கேள்வி தொண்டை வரை வருகிறது. கேட்டால், “சும்மா வாய்ல வந்துச்சு” என்று சொல்லிவிடுவாரோ என்று வாயை மூடிக்கொள்கிறேன். உனக்காக ஒருவர் எடுக்க நினைத்த அந்தக் கோடி, நான் கேட்காதவரைக்கும் என்னிடம் இருக்கும்.