முந்திரியைப் பொறுக்கிய பாயசம்

சனிக்கிழமை இரவு, திருவனந்தபுரம்

இன்று மீராவுக்கு நாலு வயது. முந்திரி பட்டாலே அவளுக்குத் தொண்டை வீங்கிவிடும். அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, முந்திரி சேர்க்காமல் சமைத்துத் தருவதாகச் சொன்ன ஓட்டலில் மேஜை பதிவு செய்திருந்தேன். இங்கே வலியசாலையில் இருக்கும் நாத்தனார், என்னைக் கேட்காமலே அதை ரத்து செய்துவிட்டுக் கடற்கரை ஓட்டலுக்கு எங்களைக் கூட்டிப்போனாள்.

“பிள்ளைக்கு என்னைக்கும் ஓர்மையிருக்கணும், கேட்டியா?” இந்தப் பிறந்தநாள் அவளுக்கு மறக்கவே கூடாதாம்.

பாயசம் வந்தது. மிதந்த முந்திரியை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு, “இனி ஒண்ணும் ஆகாது, மக்களே, குடி” என்று மீராவின் வாயருகே கொண்டுபோனாள். கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அவளுடைய பட்டுப்புடவையெல்லாம் பாயசம்.

“படிச்சவ செய்யுற காரியமாடி இது?”

காலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லிவிட்டு இவர் தூங்குகிறார். கேட்க மாட்டேன். வழியெல்லாம் புடவையைப் பற்றியே பேசினார்கள். குழந்தையின் உதட்டில் ஒரு துளியாவது பட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை, இவர்கூட.