அண்ணன் பெயரில் வந்த கேடயம்

ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

வெளியூரில் உன் வேலைக்கு நடுவே கடிதம் எழுதித் தொந்தரவு செய்கிறேன், மன்னித்துக்கொள். போனில் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும்.

நேற்று வியாபாரிகள் சங்க விழாவில் 'சிறந்த இளம் தொழில்முனைவோர்' கேடயம் உனக்குக் கொடுத்தார்கள். மருத்துவக் கருவிகள் பழுதுபார்க்கும் நம் கடையின் உரிமம் உன் பெயரில்தானே இருக்கிறது! "பொம்பளப் புள்ள பேர்ல எடுத்தா நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போயிடும்" என்று அப்பா அன்று எடுத்தது. வீட்டின் முதல் பட்டம் என்று என் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியவரும் அவர்தான். உன் உரிமமும் என் சான்றிதழும் ஒரே சுவரில் தொங்குகின்றன.

மேடையில் உன் பெயரைக் கூப்பிட்டதும் அப்பாவோடு ஏறினேன். தலைவர் கேடயத்தை என் தோளுக்கு மேலாக நீட்டி அப்பாவிடம் கொடுத்தார். "தங்கச்சியும் கடையில கூடமாட ஒத்தாசையா? நல்லது, நல்லது" என்றார். அப்பா சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வேறொன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

ஜூன் 19

என் வாயில்லாப்பூச்சிக்கு,

கேடயத்தோடு அப்பா நிற்கும் படம் பார்த்தேன். இங்கே எல்லாருக்கும் காட்டினேன். "நீ முதலாளியாடா?" என்று ஒரே கலாட்டா!

ஒரு நல்ல செய்தி. உன் அண்ணியின் தம்பி சும்மாதான் இருக்கிறான். கடையை அவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஆறு மாதம் வேலையைச் சொல்லிக் கொடு, போதும். உனக்கும் வரன் பார்க்க வேண்டும். எவ்வளவு நாள் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக இருப்பாய்?

அன்புடன் அண்ணன்

ஜூலை 8

அண்ணா,

அண்ணியின் தம்பி வந்தார். ரத்த அழுத்தக் கருவியைத் திறந்தார், மூடத் தெரியவில்லை. "இதெல்லாம் நீ பாரு, நான் வெளி வேலை பாத்துக்கறேன்" என்றார். உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை நாள் நான் உட்கார்ந்தது உன் நாற்காலி என்று எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

பெரிய மருத்துவமனை நாற்பது நெபுலைசர்களை வருடம் முழுவதும் பராமரிக்கக் கேட்கிறது. என் வேலையைப் பார்த்துத்தான் கேட்டார்கள். ஒப்பந்தத்தை மட்டும் உரிமையாளரோடுதான் போடுவார்களாம். உரிமத்தை மாற்ற அலுவலகம் போனேன். "அண்ணன் சம்மதம் எழுதிக் குடுக்கட்டும்மா. இல்லன்னா வீட்டுக்காரரோட வா" என்றார் எழுத்தர். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று அவர் கேட்கவே இல்லை.

சம்மதக் கடிதத்தை நானே தட்டச்சு செய்து இதோடு வைத்திருக்கிறேன். "இந்தக் கடையை ஆரம்பித்ததும் நடத்துவதும் என் தங்கை" என்ற ஒரே வரிதான்.

நீ போன நாள் முதல் ரசீது, விண்ணப்பம் எல்லாவற்றிலும் உன் கையெழுத்தைப் போடுவது நான்தான். உன்னைவிட நன்றாகவே போடுகிறேன். இதிலும் போட ஒரு நிமிடம் ஆகாது. போட மாட்டேன்.

இந்த ஒன்றில் மட்டும் நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பு அண்ணா.

இப்படிக்கு,
கடைக்காரி